தோல் கிளச்சும் லாரித் தட்டும்

என் காரின் கிளச் வழுக்குகிறது என்று நான் சொன்னபோதெல்லாம் தூத்துக்குடியில் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: என் கால் சரியில்லை.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். முன்னறையில் வைத்தியம், பின்னறையில் குடித்தனம். பிரசவத்துக்கென்று சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆள் வரும். யுத்த காலம் ஆதலால் பெட்ரோலுக்குக் கூப்பன். டாக்டர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள். கார் ஒரு வெள்ளைக்கார மில் மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. துணிக்கூரை போட்ட இங்கிலாந்து வண்டி. நான் பள்ளிக்கூடத்தில் பாவாடை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் செய்தது. எஞ்சினில் ஒரு குறையும் கிடையாது. கிளச்தான் என் உயிரை வாங்கியது.

இப்போதைய வண்டிகளில் இருப்பதுபோல அதில் தட்டுக் கிளச் இல்லை. எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தின் உட்பக்கத்தைக் கிண்ணம்போலக் குடைந்திருப்பார்கள். அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு இரும்புக் கூம்பு போய் உட்காரும். கூம்பைச் சுற்றித் தோல் பட்டை. பெடலை மிதித்தால் கூம்பு விலகும், காலை எடுத்தால் ஒரு பெரிய ஸ்பிரிங் அதைக் கிண்ணத்துக்குள் தள்ளும், தோல் பிடிக்கும், வண்டி நகரும். எழுதும்போது எளிதாக இருக்கிறது. தோல் காய்ந்துவிட்டால் அது பிடிக்கிற பிடியில் வண்டி தவளைபோலக் குதிக்கும். அதற்கு விளக்கெண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டு கூடிவிட்டால் வழுக்கும். அதற்கு வண்ணார்கள் துணி வெளுக்கும் உவர்மண்ணைப் பொடியாக்கி உள்ளே தூவ வேண்டும். ஒன்று குதிக்கும், இல்லையேல் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒழுங்காக ஓடிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரின் பின்சீட்டில் ஒரு பக்கம் என் மருந்துப் பெட்டி, மறுபக்கம் எண்ணெய்ச் சீசாவும் உவர்மண் பொட்டலமும். நடுவில் என் ஆயா.

ஆயா ஐம்பது வயதுக்காரி. பனங்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். எட்டு வருஷமாக என்னோடு பிரசவம் பார்த்தவள். வண்டி நின்றால் இறங்கித் தள்ளுவதும் அவள்தான். "நமக்கு ரெண்டு பிரசவம்மா. அங்கன ஒண்ணு, வழியில இந்தச் சனியனுக்கு ஒண்ணு" என்பாள்.

வண்டியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மேஸ்திரி. கடற்கரைக்காரர். துறைமுகத்தில் நீராவிப் படகுகளின் எஞ்சினோடு இருபது வருஷம் இருந்துவிட்டு, உப்புக் கிடங்குகளுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு மோட்டார் வேலை செய்தார். நல்ல கைக்காரர். ஒரு எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். நான் ஒரு பாராட்டாகத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் கிளச் விஷயத்தில் அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வராது.

"பெடல்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுதீய டாக்டரம்மா. தோலு தேயத்தான செய்யும்?"

"நான் கால் வைக்கிறதே இல்லை, மேஸ்திரி."

"வைக்கது உங்களுக்கே தெரியாது. பொம்பளைகளுக்கு அது பழக்கம். தையல் மிசின்ல உக்காந்த காலு."

நான் தையல் மிஷினில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். வேண்டாதது என்றால் இன்னும் மந்தம்.

அந்த ஒரு வருஷத்தில் மூன்று முறை தோல் மாற்றினோம். முதல் முறை செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய எருமைத்தோல். அது தடிமனாக இருந்ததால் கூம்பு உள்ளே இறங்கவே இல்லை. இரண்டாவது முறை மெல்லிய தோல். அதை எண்ணெயில் ஊறவைத்து, இழுத்துக் கட்டி, தோணி கட்டுகிற இடத்திலிருந்து செப்பு ஆணி வாங்கி வந்து அடித்தார். ஆணித்தலை ஒன்று தோலுக்கு மேலே நின்றுவிட்டது. அது கிண்ணத்தைக் கீறிக் கோடு போட்டது. மூன்றாவது முறை நான் பக்கத்தில் நின்று பார்த்து, ஆணித்தலைகளை விரலால் தடவித் தடவிச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "கொட்டாய்க்குள்ள பொம்பளையாளு நின்னா எனக்கு வேலை ஓடாது. வீட்டுக்குப் போங்க, அனுப்பி வைக்கேன்" என்றார். போனேன். மறுவாரமே வழுக்கியது.

கொற்கையிலிருந்து ஆள் வந்தது யுத்தம் முடிந்த சமயத்தில். காலை ஒன்பது மணி இருக்கும். வந்தவர் அந்தப் பெண்ணின் மாமனார், நெல் விவசாயி. குறுக்குவழியில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். தலைப்பிரசவம், பிள்ளையின் கால் முதலில் தெரிகிறது என்று ஊர் மருத்துவச்சி பயந்துபோய் அனுப்பியிருந்தாள். அவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். முத்தையாபுரம் வரை வண்டி சமாளித்தது. கொற்கைக்கு இரண்டு மைல் இருக்கும்போது பாதை ஒரு வாய்க்கால் கரையின்மேல் ஏறி இறங்கும். ஏற்றம் என்று சொல்லக்கூட அதில் ஒன்றுமில்லை. மாட்டுவண்டிகள் தூங்கிக்கொண்டே ஏறும். எஞ்சின் கத்தியது, வண்டி பாதி ஏறி நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் உருண்டது. தோல் கருகும் நாற்றம்.

நான் காலடிப் பலகையைக் கழற்றினேன். ஆயா உவர்மண்ணைக் கைகொள்ளும் மட்டும் அள்ளிப் போட்டாள். மறுபடி ஏற்றினேன். மறுபடி உருண்டது. மூன்றாம் முறை பெடலிலிருந்து காலை முழுக்க எடுத்து, முழங்காலை மடித்து சீட்டின்மேல் வைத்துக்கொண்டே முடுக்கினேன். என் காலில் குற்றமில்லை என்று யாருக்கோ நிரூபிக்கிறவளைப்போல. வண்டி அசையவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பாதி ஓட்டம், பாதி நடை. வெயில். நான் போய்ச் சேர்ந்தபோது உடம்பு முழுதும் வந்து, தலை மட்டும் மாட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படி எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பல தடவை எடுத்திருக்கிறேன். எடுத்தேன். ஆண்பிள்ளை. சூடு இருந்தது, மூச்சு இல்லை. ஆயாவும் நானும் மாற்றி மாற்றி ஊதிப் பார்த்தோம், தேய்த்துப் பார்த்தோம். பிறகு நிறுத்தினோம்.

தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அரைமணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பிழைத்திருக்கலாம். வெளியே வந்தபோது மாமனார் கைகூப்பினார்.

"வெயில்ல ஓடி வந்தீயளே தாயி. அதுவே பெருசு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதோடு விடவில்லை அவர். தன் மாடுகளையே பூட்டிக்கொண்டு வந்து, என் வண்டியைக் கரைமேல் இழுத்து ஏற்றி, முத்தையாபுரம் வரை கொண்டுவந்து விட்டார். பிள்ளையைப் புதைக்க வேண்டிய வேலை வீட்டில் இருக்கிறது. மனிதர் மாட்டோடு முன்னால் நடக்கிறார். நான் ஓடாத வண்டியில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முத்தையாபுரத்திலிருந்து, சூடு ஆறிய தோலோடு வண்டி ஊர்ந்து வீடு சேர்ந்தது.

மறுநாள் மேஸ்திரியின் கொட்டகைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லவில்லை. "ஏறி உக்காருங்க. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன். அவர் ஓட்டினார். துறைமுகத்துப் பாதையில் தண்டவாளத்தைத் தாண்டுகிற சின்ன மேட்டில் எஞ்சின் கத்தியது, வண்டி நின்றது. நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்தார். கால் பெடலுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

"இன்னிக்குக் காத்துல ஈரம் சாஸ்தி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது. அங்கேயே சொன்னேன்: "தோல் வேண்டாம். தட்டுக் கிளச் போடணும்."

"தோலுக்குன்னு செஞ்ச வண்டிம்மா இது. அதுல போய் லாரிச் சாமானை மாட்டச் சொல்லுதீய."

"மாட்ட முடியுமா, முடியாதா?"

"முடியாதுன்னு நான் சொல்லல."

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து லாரிகளையும் உதிரிச் சாமான்களையும் ஏலம் விட்டார்கள். அதை எடுத்து வந்து குவித்துவைத்திருந்த கடைக்கார அண்ணாச்சி ஒருவர் ஊரில் இருந்தார். மேஸ்திரி வர மறுத்துவிட்டார். கர்ப்பிணிகளின் வயிற்றை அளக்கிற நாடாவால் ஃப்ளைவீலை நானே அளந்து எழுதிக்கொண்டு, ஆயாவோடு போனேன். அண்ணாச்சி என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆம்பளையாளு யாரும் வரலியா?"

"அண்ணாச்சி, சாமான் எனக்குத்தான் வேணும்" என்றேன்.

ஆயா அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் அந்தக் குவியலில் தேடினோம். கிரீஸ் பூசி மெழுகுத்தாள் சுற்றிய ஒரு தட்டு, அதை அமுக்குகிற ஸ்பிரிங் மூடி, பல் வெட்டிய ஒரு தண்டு. மூன்றும் ஒரே பெட்டியில் கிடைத்தன. என் அளவைவிட அரையங்குலம் மட்டுமே பெரிசு, கடைந்து சரிசெய்துகொள்ளலாம்.

இனி வேலை சுலபம் என்று நினைத்தேன். ஃப்ளைவீலின் முகத்தைச் சமதளமாகக் கடைந்து, புதிதாகத் துளை போட வேண்டும். கிளச்சுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் இருக்கும் சிறு தண்டை எடுத்துவிட்டு, லாரித் தண்டை அந்த நீளத்துக்கு வெட்டிப் பொருத்த வேண்டும். அவ்வளவு பெரிய லேத் படகுப் பட்டறை ஒன்றில்தான் இருந்தது. பட்டறைக்காரர் இதமான மனிதர். போனபோதெல்லாம் நாற்காலி போட்டார், இளநீர் வெட்டச் சொன்னார், வேலை மட்டும் நடக்கவில்லை. என் ஃப்ளைவீலை லேத்தில் ஏற்றுவார்கள். நிலக்கரி இறக்குகிற படகு ஒன்றில் தண்டு வளைந்துவிட்டது என்று ஆள் வரும். என் சாமானை இறக்கிக் கீழே வைப்பார்கள். கப்பல் நடுக்கடலில் காத்திருக்கிறது, என்ன செய்ய? கேட்டால் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆறு வாரம் இப்படியே நியாயமாகப் போயிற்று. கடைந்த முகத்தில் உப்புக்காற்று பட்டு ஒரே இரவில் துரு பூத்தது. வைத்தியசாலையிலிருந்து வாஸ்லின் டப்பாவைக் கொண்டுபோய் நானே பூசிவிட்டு வந்தேன். அந்த ஆறு வாரமும் குதிரைவண்டியில்தான் போனேன். தூரத்துக் கேஸ்களை மறுத்தேன். வந்தவர்கள் என் வீட்டு வாசலில் நின்று, கார் நிற்கிற இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஒருவழியாக எல்லாம் மேஸ்திரியின் கைக்கு வந்தது. இரண்டு நாளில் மாட்டிவிட்டார். ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன். கியர் போட்டேன். பற்கள் அரைத்துக் கதறின. மிதித்தாலும் கிளச் விடவில்லை.

"நல்லா மிதிங்க."

"மிதிச்சிட்டேன்."

"இன்னும் மிதிங்க டாக்டரம்மா. லாரி ஸ்பிரிங்கு. உங்க காலுக்கு..."

நான் இறங்கி, "நீங்க மிதிங்க" என்றேன். அவருக்கும் விடவில்லை. பெடலிலிருந்து போகும் கம்பியின் நீளத்தைக் கூட்டினார். விடவில்லை. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினார். கழற்ற ஒரு நாள், மாட்ட ஒரு நாள். விடவில்லை. மறுபடி கழற்றினார். அவர் இப்போது என்னைக் கொட்டகையை விட்டுப் போகச் சொல்லவில்லை, பேசுவதையே நிறுத்தியிருந்தார்.

அன்று பட்டறைக்காரரும், அவரோடு வந்த இரண்டு ஆட்களும் அங்கே இருந்தார்கள். தட்டு பெஞ்சின்மேல் கிடந்தது. அதன் நடுக்குமிழ் ஒரு பக்கம் நீட்டி, மறுபக்கம் குட்டையாக இருந்தது. நீண்ட பக்கத்தில் ஃப்ளைவீலோடு புதிதாக உராய்ந்த தடம் பளபளத்தது. நான் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்து, கிரீஸைத் துடைத்தேன். குட்டைப் பக்கத்தில் எழுத்து அச்சடித்திருந்தது, ஆங்கிலத்தில். இந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்த்து இருக்க வேண்டும் என்று.

மேஸ்திரி இரண்டு முறையும் அதைத் திருப்பிப் போட்டிருந்தார்.

எனக்குள் ஒரு வருஷமாகச் சேர்ந்திருந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது. "எழுதியிருக்கு, மேஸ்திரி! வெட்ட வெளிச்சமா எழுதியிருக்கு! படிக்கத் தெரியலேன்னா கேக்க வேண்டியதுதான? நான் வாசல்லயேதான நிக்கேன்?"

பட்டறைக்காரர் வேறெங்கோ பார்த்தார். மேஸ்திரி கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாக, நிதானமாக. துணியைப் பெஞ்சின்மேல் மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் கொட்டகை பூட்டியிருந்தது. அதற்கு அடுத்த நாளும். என் கார் உள்ளே துண்டுதுண்டாகக் கிடந்தது. பூட்டை உடைக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆயா சொன்னாள்: "நீங்க சொன்னது நெசந்தான். ஆனா அந்தாளு மூஞ்சிய நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

நான்காம் நாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் குறுகலான தெரு. அவர் மனைவி பலகை போட்டு உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள்.

"கோவமா இருக்காரா?" என்றேன்.

"கோவமெல்லாம் இல்லம்மா. வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காவ. சோறு செல்லல."

கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு தோணியின் நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். நானும் நின்றுகொண்டே பேசினேன்.

"நாலு பேர் முன்னால சொன்னது தப்பு, மேஸ்திரி."

அவர் தோணியின் பக்கப்பலகையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"எழுத்து இருந்தது தெரியும். நம்பருன்னு நெனச்சேன். படகுச் சாமான்ல எல்லாம் நம்பருதான் இருக்கும்."

"சரி."

"பேரு போடப் படிச்சிருக்கேன். தமிழு எழுத்துக்கூட்டுவேன். இங்கிலீசு தெரியாதுன்னு இருவது வருசத்துல ஒருத்தர்கிட்ட சொன்னதில்ல. தேவப்படல."

கொற்கைக் கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். ஏன் அப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. அவருடைய சுமையின்மேல் இன்னொன்றை வைத்ததுபோலத்தான் ஆயிற்று. கேட்டு முடித்ததும் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலைல வாங்க. தட்டை நீங்க புடிச்சுக் குடுங்க, நான் முடுக்குதேன்" என்றார்.

அப்படியே செய்தோம். வண்டிக்குக் கீழே ஓலைப்பாயில் நான் படுத்துத் தட்டைப் பிடிக்க, அவர் போல்ட் முடுக்கினார். மாட்டியதும் மிதித்தேன். கிளச் விட்டது. கியர் வெண்ணெயில் கத்தி இறங்குகிறதுபோல விழுந்தது. ஆனால் அந்த லாரி ஸ்பிரிங்குகள்! பெடலை அமுக்க ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நிற்க வேண்டியிருந்தது. முத்தையாபுரம் வரைக்கும் போய்வருவதற்குள் தொடை நடுங்கியது. ஒன்பது ஸ்பிரிங்கில் மூன்றை எடுத்துவிடலாம், இந்த வண்டியின் பாரத்துக்கு ஆறு போதும் என்றேன். எடுத்தால் வழுக்கும் என்றார். அரைநாள் சண்டை. எடுத்தோம். வழுக்கவில்லை. பாரம் கொஞ்சம் குறைந்தது, முழுக்கக் குறையவில்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் தூரத்துக் கேஸ் ஆத்தூரில். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டின் மருமகள். செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் போய் நின்றேன். வண்டி எங்கும் திணறவில்லை. ஆயா ஒரு தடவைகூட இறங்கவில்லை. வீட்டுக்காரர்கள் அப்போதுதான் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு வெரசா வந்துட்டீயளா?" என்று மாமியார் கேட்டாள். வலி ஆரம்பித்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. சோதித்துப் பார்த்தேன். தலை கீழே, எல்லாம் ஒழுங்கு. சாயங்காலம்வரை ஆகும்.

சாயங்காலம்வரை அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. அவர்கள் மோர் கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், மறுபடி மோர் கொடுத்தார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லை. கொற்கையில் கிடைக்காத நேரம் இங்கே இவ்வளவு சும்மா கிடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். ஆயா சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஐந்து மணிக்குப் பெண்குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது.